டிவி கேமில் தோடி

ம்ம்ம் என்று அந்த இரைச்சல் இன்னும் போகவில்லை. மைக்செட் ஆவுடையப்பன் மூன்றாவது தடவையாக மேடையேறி என் பெட்டியிலிருந்து ஒயரைப் பிடுங்கி வேறு ஒயரைச் சொருகுகிறார், சொருகியதும் ஸ்பீக்கரில் டொப்பென்று ஓர் அடி, அப்புறம் மறுபடியும் ம்ம்ம். மணி இரண்டே முக்கால். ஐந்து மணிக்குக் கூட்டம் வந்துவிடும். கூட்டம் என்றால் நாற்பது பேர் இருக்கலாம், பாளையங்கோட்டையில் சனிக்கிழமை சாயங்காலம் புதுமாதிரி சங்கீதம் என்று நோட்டீஸ் அடித்தால் அதற்குமேல் யார் வரப்போகிறார்கள். மூன்றரைக்கு என் தங்கை கோமதி வருவாள். அவள் வருவதற்குள் இந்த இரைச்சல் போகவேண்டும், அவள் வருவதற்குள் தோடியில் காந்தாரம் வந்துவிடவேண்டும், இரண்டும் நடக்கிற மாதிரித் தெரியவில்லை. "டீச்சர், அந்த டிவியைக் கொஞ்சம் அணைச்சுப் பாப்பமா?" என்கிறார் ஆவுடையப்பன். அணைத்தால் நான் எதைப் பார்த்து வாசிப்பது என்று கேட்கிறேன். "வாசிக்கதா?" என்று சொல்லிவிட்டு அவர் என் மடியைப் பார்க்கிறார். மடியில் ஒயர் வைத்த ரிமோட், இடது பக்கம் கூட்டல் குறி மாதிரி ஒரு பொத்தான், வலது பக்கம் இரண்டு சிவப்புப் பொத்தான். ஒயரின் மறுமுனையில் தம்பி சோமுவின் டிவி கேம். முப்பது வருஷத்துக்கு முன்னால் எல்லா வீட்டிலும் பையன்கள் மஞ்சள் கேசட்டை ஊதி ஊதிப் போட்டு விளையாடினார்களே, அதேதான். "எம் மவனும் வச்சிருந்தான். அதுக்காக ஒரு தடவ வீட்டுல ஒரே சண்டை" என்கிறார். அவர் மேல் தப்பில்லை. அவருக்கு எப்படித் தெரியும், இந்தப் பெட்டிக்குள் நாலு குரல் இருப்பதும், இரண்டு கரகரவென்று ஊதுவதும், ஒன்று புல்லாங்குழல் மாதிரி மழுங்கலாக இருப்பதும், நாலாவது வெறும் சீறல் என்பதும், விளையாட்டுக்குப் பதிலாக ஸ்வரத்தை எழுதி வைத்துக்கொள்ள யாரோ ஒருத்தன் எங்கேயோ உட்கார்ந்து ஒரு கேசட் செய்திருக்கிறான் என்பதும். நோட்டீஸ் அடித்தவர்களுக்கே தெரியவில்லை. உமையாள் – வீடியோ கேம், கோமதி – வயலின் என்று போட்டிருக்கிறார்கள். நான் உட்கார்ந்து விளையாடுவேனாம், அவள் பக்கத்தில் இருந்து வயலின் வாசிப்பாளாம்.

மறுபடியும் அமுக்குகிறேன். ரிஷபத்திலிருந்து கிளம்புகிறது, ஏறுகிறது, காந்தாரத்தைக் கடக்கிறது, டக். மத்தியமத்தைத் தொட்டுத் திரும்புகிறது, டக். இறங்குகிறது. இந்த டக்தான். பதினாலு மாசமாக இந்த டக்தான். தோடியில் காந்தாரம் ஒரு இடத்தில் நிற்காது, ஆடிக்கொண்டே இருக்கும், அந்த ஆட்டம்தான் ஸ்வரம், பிடித்து நிறுத்தினால் தோடி போய்விடும். வயலினில் அதற்கு ஒரு விரல் போதும், தந்தியில் அழுத்தி உருட்டினால் வந்துவிடும், பதினோரு வயதில் எனக்கு வந்துவிட்டது, கோமதிக்கு ஒன்பதிலேயே. இந்தப் பெட்டியில் ஸ்வரம் என்பது ஓர் எண். காந்தாரம் ஆடவேண்டுமானால் எண்ணுக்குக் கீழ் எண்ணாக, வரிக்குக் கீழ் வரியாக, டிவியைப் பார்த்து ஒவ்வொன்றாக எழுதவேண்டும், எழுதி ஒரு பொத்தானில் கட்டிவைத்தால் அதை அமுக்கும்போது ஆடும். எழுதிவிட்டேன், எத்தனை விதமாகவோ எழுதிவிட்டேன். ஆனால் பைக் மீட்டரில் தொண்ணூற்றொன்பது போய் நூறு விழும்போது எல்லாச் சக்கரமும் சேர்ந்து புரளுமே, அந்த மாதிரி ஓர் இடம் இந்த எண்களுக்கும் இருக்கிறது, அந்த இடத்தைத் தாண்டும்போது சத்தம் ஒரு கணம் அறுந்து ஒட்டுகிறது. அது எங்கே வேண்டுமானாலும் இருந்திருக்கலாம். பஞ்சமத்துக்கு மேல் இருந்திருக்கலாம், கீழ் ஷட்ஜத்துக்கு அந்தப் பக்கம் போய்க் கிடந்திருக்கலாம். நானும் கோமதியும் இருபத்திரண்டு வருஷம் வாசித்த நாலு கட்டை சுருதியில், சரியாகக் காந்தாரத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவே வந்து குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறது. மழுங்கல் குரலில் அந்த டக் கிடையாது, உண்மைதான், ஆனால் அந்தக் குரலுக்குச் சத்தத்தைக் கூட்டவும் தெரியாது குறைக்கவும் தெரியாது, குக்கர் விசில் மாதிரி ஒரே சத்தம், அதில் தோடி வாசிப்பதற்கு வாசிக்காமல் இருக்கலாம். போனில் கோமதி அன்றைக்கே சொன்னாள். "வாரேங்க்கா, நீ கேட்டு நான் வாராம இருப்பனா? ஆனா தோடி வேண்டாம். மோகனம் வச்சுக்குவோம், அது நேரா நிக்கும்." நேராக நிற்கிறது எனக்கு எதற்கு? தோடிதான் என்றேன். சரிக்கா என்றாள். அந்தச் சரிக்கா எனக்குப் பிடிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறவர்களிடம் சொல்கிற சரி அது.

"டீச்சர், எர்த்து இல்ல இந்த பாயிண்டுல. வேற பாயிண்டு இழுக்கேன்" என்று சொல்லிவிட்டு ஆவுடையப்பன் மேடைக்குப் பின்னால் போகிறார். இழுங்கள். எதையாவது இழுங்கள். இடது கையை மடியில் விரித்து வைத்துப் பார்க்கிறேன். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. அதுதான் கோபம். இந்தக் கையால் தோசைமாவு கரைக்கிறேன், ஸ்கூட்டி ஓட்டுகிறேன், ஊசியில் நூல் கோர்க்கிறேன், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் ஸ்வரம் எழுதுகிறேன். வயலினைத் தோளில் சாய்த்துத் தந்தியைத் தொட்ட அடுத்த விநாடி மோதிர விரலும் சுண்டு விரலும் தொட்ட ரயில்பூச்சி மாதிரிச் சுருண்டு உள்ளங்கைக்குள் போய்விடுகின்றன. மூன்று வருஷம் ஆகிறது. முதலில் சுளுக்கு என்றார்கள், எண்ணெய் தேய்த்தேன். அப்புறம் மதுரையில் நரம்பு டாக்டர், நல்ல மனுஷர், என் வயலினைக் கொண்டுவரச் சொல்லி எதிரே உட்கார வைத்து வாசிக்கச் சொல்லிப் பார்த்தார். "கையில ஒரு கோளாறும் இல்லம்மா. முப்பது வருஷம் ஒரே வேலையத் திரும்பத் திரும்பச் செஞ்சதுல, மூளைக்கு இந்த ரெண்டு வெரலும் ஒண்ணுன்னு ஆயிப்போச்சு. இந்த ஒரு வேலைக்கு மட்டும் வராது. மத்ததுக்கெல்லாம் வரும்." மத்ததுக்கெல்லாம் வரும் என்றபோது அவர் முகத்தில் நல்ல சேதி சொல்கிற களை. ஊசி போட்டார், விரலில் பட்டை கட்டினார், எட்டு மாசம் வயலினைத் தொடாதே என்றார், தொடவில்லை, எட்டு மாசம் கழித்துத் தொட்டேன், சுருண்டது. காலையில் நாலு மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம் என்று சாதகம் செய்ததை நான் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன், என் பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லி விரட்டியிருக்கிறேன். சாதகம் செய்யாத சோம்பேறி எவளாவது இருந்தால் அவளுக்கு இது வராது. எனக்கு வந்தது. கோமதிக்கு வரவில்லை, கோமதி எப்போதும் ஒரு மணி நேரம் குறைத்துத்தான் செய்வாள், பாதியில் எழுந்துபோய் முறுக்கு தின்றுகொண்டிருப்பாள், நான் திட்டுவேன்.

அப்போது முன்னறையில் சோமு விளையாடிக்கொண்டிருப்பான். டவுனில் எங்கள் வீட்டுக்கு இரண்டே அறை, நடுவில் ஒரு சுவர், இந்தப் பக்கம் நாங்கள் இரண்டு பேரும் வர்ணம், அந்தப் பக்கம் அவனும் டிவி கேமும். எனக்கு அந்தச் சத்தத்தைக் கண்டாலே ஆகாது. ஒரே பாட்டு, முடிந்த இடத்திலிருந்து மறுபடியும், மறுபடியும், என் நிஷாதத்துக்கும் அதற்கும் ஒரு அரை இழை பேதம், பல் கூசும். பொம்மை குதிக்கும்போது மட்டும் ஒரு சத்தம் வரும், கீழே ஓர் இடத்திலிருந்து மேலே ஓர் இடத்துக்கு நடுவில் எங்கேயும் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போகிற சத்தம், அதை மட்டும் என்னால் வெறுக்க முடியவில்லை. ஒருநாள் மத்தியானம் அவன் சாப்பிடப் போன நேரத்தில் ரிமோட்டை எடுத்து நின்ற இடத்திலேயே குதித்துக் குதித்துப் பார்த்தேன், எங்கே ஆரம்பிக்கிறது எங்கே முடிகிறது என்று வாயால் பிடித்துப் பிடித்துப் பார்த்தேன். சோமு சாதக் கையோடு வந்து நின்று சிரித்தான், "ஏக்கா, முன்னால போக்கா, சும்மா குதிச்சிட்டே இருக்க." ரிமோட்டைக் கீழே போட்டுவிட்டு உள்ளே ஓடிவிட்டேன். என்னமோ திருடினவள் மாதிரி. ஆக இந்தப் பெட்டிக்கு வழுக்கத் தெரியும், அது அப்போதே எனக்குத் தெரியும், அந்தத் தைரியத்தில்தான் போன வருஷத்துக்கு முந்தின வருஷம் சோமு வீடு மாறும்போது குப்பையில் போட இருந்ததை வாங்கி வந்தேன். வழுக்கத் தெரிந்த பெட்டி காந்தாரத்தில் மட்டும் கால் தடுக்கி விழும் என்று எந்தச் சாமி எனக்குச் சொல்லிற்று.

டக். மறுபடியும் அமுக்கினால் மறுபடியும் டக், நான் ஏன் அமுக்கிக்கொண்டே இருக்கிறேன், பதினாலு மாசமாக வராதது இன்றைக்கு மூன்றே காலுக்கு வந்துவிடுமா. வரும் என்று ஒரு நப்பாசை. கோமதியின் முகத்துக்கு நேரே ஒரே ஒரு தடவை டக் இல்லாமல் ஆடிவிட்டால் போதும் என்று. எதற்குப் போதும்? அந்த போஸ்டருக்குத்தான், வேறு எதற்கு. போன டிசம்பரில் சென்னையில் ஒரு சபா வாசலில் பார்த்தேன், கோமதி – மைதிலி இரட்டை வயலின். மைதிலி என்கிற பெண் நன்றாக வாசிப்பாள், முப்பத்தோரு வயது, அவள் மேல் எனக்கு ஒன்றுமில்லை, நானேதான் கோமதியிடம் சொன்னேன், நீ வாசிப்பை விட்டுவிடாதே, யாரையாவது சேர்த்துக்கொள் என்று. சொன்னேன். ஆனால் படத்தில் நான் உட்காருகிற இடத்தில் கோமதி உட்கார்ந்திருந்தாள். நாங்கள் எப்போதும் உட்காருகிற விதம் ஒன்று உண்டு, கூட்டத்தைப் பார்த்து உட்கார்ந்தால் நான் வலது பக்கம், அவள் இடது பக்கம், மூத்தவள் வலது, அது ஒரு நாளும் மாறினதில்லை. படத்தில் அவள் வலது பக்கம் நகர்ந்து என் இடத்தில் இருக்கிறாள், சின்னவள் மைதிலி கோமதி இடத்தில். என்னை எழுப்பிவிட்டு உட்கார்ந்த மாதிரி இருந்தது. கச்சேரிக்கு உள்ளே போகவில்லை. வாசலோடு திரும்பி எழும்பூர் போய் நாலு மணி நேரம் ரயிலுக்கு உட்கார்ந்திருந்தேன், மடியில் விரல்கள் நேராக நீட்டிக்கொண்டு, வெட்கமில்லாமல், அழகாக.

ஊருக்கு வந்து அன்றையிலிருந்து காலையில் நாலு மணி நேரம் இந்தப் பெட்டியோடு உட்கார்ந்தேன். நாலு மணி நேரம். அதை இப்போது நினைக்கக்கூடாது. நினைக்கக்கூடாது என்று நினைத்ததும் இடது கட்டைவிரல் கனக்கிறது. இன்றைக்குக் காலையில் ஒன்று நடந்தது. கூட்டல் குறிப் பொத்தானின் மேல் வைத்த கட்டைவிரல் அங்கேயே நின்றுவிட்டது. எடு என்றேன், எடுக்கவில்லை. ஒரு விநாடி இருக்கும், ஒன்றரை இருக்கும். அப்புறம் எடுத்தது. வீட்டுக்காரர் காபி டம்ளரோடு வந்து என்ன ஒரு மாதிரி இருக்கே என்றார், ஒன்றுமில்லை என்றேன். ஒன்றுமில்லையாக இருக்கலாம், விறைத்திருக்கலாம், தூக்கம் போதாமல் இருக்கலாம். மோதிர விரலும் முதலில் ஒரு விநாடிதான் நின்றது, அப்போதும் இதேதான் சொன்னேன், விறைத்திருக்கும் என்று. மூளைக்கு என்ன தெரியும், வயலினா விளையாட்டுப் பெட்டியா என்று அது பார்த்துக்கொண்டா இருக்கிறது, திரும்பத் திரும்பச் செய்தால் சரி, அரித்துத் தின்றுவிடும். அப்படியானால் நான் எதைக் கையில் எடுத்தாலும் கொஞ்ச நாளில் அது போய்விடும், ஆசைப்பட்டு எடுக்கிறது ஒவ்வொன்றும் போய்விடும், ஆசைப்படாத தோசைமாவு மட்டும் கடைசி வரைக்கும் வரும். ஸ்பீக்கரில் டொப். ம்ம்ம் கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கிறது, இல்லை, எனக்குத்தான் பழகிவிட்டது. "இப்ப எப்படி டீச்சர்?" என்று பின்னாலிருந்து கத்துகிறார். அப்படியேதான் இருக்கிறது என்று நானும் கத்துகிறேன், வேண்டியதைவிட அதிகமாகவே கத்திவிட்டேன், பாவம்.

மூன்றே முக்காலுக்கு வந்தாள். ஆட்டோவிலிருந்து இறங்கி வயலின் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, அரக்குக் கலர் சுங்குடிப் புடவை, நெற்றியில் வேர்வை. "ஏக்கா, சாப்ட்டியா?" லேட் என்கிறேன். "வண்ணாரப்பேட்டையில ஒரே ட்ராபிக். சாப்ட்டியான்னு கேட்டேன்." சாப்பிட்டேன். சாப்பிடவில்லை, அவளுக்குத் தெரிந்துவிட்டது, ஜமுக்காளத்தில் உட்கார்ந்து பெட்டியைத் திறக்கிறாள். வில்லுக்கு ரோசின் பிசின் தேய்க்கிறாள், அந்த வாசனை வருகிறது, வரட்டும், நான் டிவியைப் பார்க்கிறேன். "சுருதி குடு." ஷட்ஜத்தை அமுக்கித் தருகிறேன். தந்தியை மீட்டிப் பார்த்துவிட்டுத் தலையைச் சாய்க்கிறாள். "ஒரு இழை ஏறி இருக்குக்கா." பெட்டியை இறக்க முடியாது, நீ ஏத்து என்கிறேன். ஏற்றுகிறாள். "ஆரம்பிக்கட்டா?" என்று நான் கேட்டுவிட்டு அவள் பதில் சொல்லுமுன் அமுக்கிவிடுகிறேன், எழுதி வைத்த ஆலாபனை முழுக்க வருகிறது, ஷட்ஜத்திலிருந்து கிளம்பி, தைவதத்தைத் தடவி, ரிஷபம், காந்தாரம், டக், டக், டக். கோமதி வில்லை மடியில் வைத்துக்கொண்டு கேட்கிறாள். கிளாஸில் பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்கும்போது ஒரு முகம் வைத்துக்கொள்வாள், கன்னத்தை உள்ளே கடித்துக்கொண்டு. அந்த முகம்.

"சொல்லு."

"என்னத்தச் சொல்ல?"

"சொல்லுட்டி. டக்கு எனக்குத் தெரியும். அத விட்டுட்டுச் சொல்லு."

"அத விட்டா எல்லாம் சரியாத்தான் இருக்கு. அதான் எனக்குப் பயமா இருக்கு." அவள் என்னைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்த்துச் சொல்கிறாள். "ரிஷபத்துல நீ ஒரு மூச்சு நிப்பியே, அதுகூட அப்படியே இருக்கு. உன் கை செத்துப்போயி, அது போட்டாவுக்கு மாலை போட்டு வச்சிருக்க மாதிரி இருக்குக்கா."

ஏதாவது சொல்லவேண்டும், அடுத்த பகுதியை அமுக்கினால் போதும், கூட்டல் குறியில் கட்டைவிரலை வைக்கிறேன், அது வைத்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. எடு. எடு என்றால் எடுக்கவேண்டும். இரண்டு விநாடி, மூன்று. விரல் நுனி வெளுத்துப்போய் பொத்தானை அழுத்திக்கொண்டு நிற்கிறது, டிவியில் ஸ்வரங்கள் தானாக ஓடிக்கொண்டே இருக்கின்றன, கோமதி குனிந்து பார்த்துவிட்டாள். என் மணிக்கட்டைப் பிடித்து மெதுவாக விரலைக் கழற்றி எடுக்கிறாள். "எப்ப இருந்து?" இன்றைக்குக் காலையிலிருந்து. "எத்தனை மணி நேரம் உக்காருத இதுகூட?" நாலு. "ஏக்கா!" என்று நெற்றியில் அடித்துக்கொள்கிறாள், வயலின் சரிந்து ஜமுக்காளத்தில் விழுந்து ணங்கென்கிறது. "ஒனக்குப் புத்தியே வராதா? ரெண்டு வெரல அப்படித்தான் போக்கின. இதையுமா? யாரு கேட்டா உங்கிட்ட நாலு மணி நேரம்?" யாரும் கேட்கவில்லைதான், யாரும் எதுவும் கேட்கவில்லை, அதுதான் விஷயம். "நீ பேசாத. என் இடத்துல போய் உக்காந்துகிட்டு நீ எனக்குப் புத்தி சொல்லாத." சொல்லிவிட்டேன். ஒரு வருஷமாக நாக்குக்கு அடியில் வைத்திருந்ததை இப்படிக் கேவலமாக, மைக்செட்காரர் கேட்க, சொல்லிவிட்டேன். அவளுக்கு ஒரு கணம் புரியவில்லை, அப்புறம் புரிகிறது. "போஸ்டர் பாத்தியா?" என்கிறாள். குரல் இறங்கிவிட்டது. "அந்த இடத்துல மைதிலி உக்காந்தா நான் தெனமும் அந்தப் பக்கம் திரும்பி அவளைப் பாக்கணும்லாக்கா. திரும்பினா நீதான் இருக்கணும் அங்க. இன்னொருத்தி இருக்கதப் பாத்துகிட்டு எனக்கு வில்லு ஓடல. அதான் நானே போய் உக்காந்துகிட்டேன். அங்க உக்காந்தா அது என் கண்ணுல படாது."

நான் அழமாட்டேன். எனக்குக் கோபம்தான் வருகிறது, இன்னும் கோபம்தான், இதை ஒரு வருஷம் முன்னால் சொல்லியிருக்கக்கூடாதா, எனக்கும்தான் சபா உள்ளே போய்க் கேட்டிருக்கத் தெரியாதா, எழும்பூரில் நாலு மணி நேரம், இரண்டு பேருமே முட்டாள்கள். இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்கிறேன். எழுதி வைத்த தோடி ஓடி முடிந்து நின்றுவிட்டது. வலது கட்டைவிரல் மட்டும் இருக்கிறது, அதால் ஒரு சிவப்புப் பொத்தானை அமுக்குகிறேன், ஆட்டம் எதுவும் எழுதிக் கட்டாத வெறும் பொத்தான், வெறும் காந்தாரம், ஆடாமல் அசையாமல் மொட்டையாக ஸ்பீக்கரில் கத்துகிறது. அமுக்கிய விரலை நான் எடுக்கவில்லை. கதவைத் திறக்காத வீட்டில் காலிங் பெல்லை அமுக்கிக்கொண்டே நிற்பார்களே, அப்படி. "நிறுத்துக்கா, காது வலிக்கி." மாட்டேன். "அக்கா!" மாட்டேன். கோமதி விழுந்து கிடந்த வயலினைச் சடாரென்று எடுத்துத் தோளில் சாய்க்கிறாள், எடுத்த வேகத்தில் சண்டைக்குத்தான் எடுக்கிறாள் என்று தெரிகிறது, இதோ பார் காந்தாரம் என்றால் இதுதான் என்று என் தலையில் அடிக்கிற மாதிரி வில்லை முழு நீளத்துக்கு இழுக்கிறாள். அவள் காந்தாரம் ஆடுகிறது. என்னுடையது நிற்கிறது. அவளுடையது கீழேயிருந்து ஏறி என்னுடையதை நெருங்குகிறது, நெருங்கும்போது இரண்டுக்கும் நடுவில் ஏதோ துடிக்கிறது. வூ வூ வூ வூ என்று வேகமாக, நெருங்க நெருங்க மெதுவாக, வூ, வூ, ஒன்றோடு ஒன்று ஒட்டுகிற இடத்தில் அப்படியே அடங்கி, அவள் தாண்டி மேலே போனதும் மறுபடியும் படபடவென்று. நானும் ஆட்டவில்லை, பெட்டியும் ஆடவில்லை. அவள் விரலில் இருப்பதும் வழக்கமான ஆட்டம்தான். இது வேறே, யாருடைய கையிலும் இல்லாமல் நடுவில் நின்று ஆடுகிறது. ஜமுக்காளத்துக்கு அடியில் மேடைப் பலகை அதிர்வது தொடையில் தெரிகிறது. கோமதியின் கண் என் பக்கம் திரும்புகிறது. கோபம் அதில் அப்படியேதான் இருக்கிறது, ஆனால் கன்னத்தைக் கடிக்கவில்லை. வில்லைத் திருப்பி மறுபடியும் அதே இடத்துக்கு, இந்தத் தடவை ரொம்ப மெதுவாக, இழை இழையாக ஏறி வருகிறாள், வூ, வூ, வூ.

"டீச்சர்! டீச்சர்! ஸ்பீக்கர் அடிக்கி! கோன் கிழிஞ்சிரும், ஒயர் லூசு" என்று கத்திக்கொண்டு ஆவுடையப்பன் படியேறி ஓடிவருகிறார், குனிந்து என் பெட்டியின் ஒயரைப் பிடிக்கக் கை நீட்டுகிறார்.

"தொடாதீங்க" என்கிறோம் இரண்டு பேரும். ஒரே நேரத்தில், ஒரே அதட்டலாக. அவர் நீட்டின கையோடு அப்படியே நிற்கிறார்.

கூடத்தின் பின்கதவு திறந்து யாரோ இரண்டு பேர் உள்ளே வருகிறார்கள், இன்னும் மணி ஆகவில்லை, நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்கிறது, இப்போது நிறுத்திவிட்டு எழுந்து முகம் கழுவி முறையாக ஆரம்பிக்கவேண்டும். கோமதி நிறுத்துகிற மாதிரித் தெரியவில்லை. காந்தாரத்திலேயே நின்று வில்லை நீட்டிக்கொண்டே போகிறாள், வில் முனைக்கு வந்துவிட்டது, புருவத்தைத் தூக்கி என்னைக் கேட்கிறாள், அடுத்தது எங்கே? எனக்குத் தெரியவில்லை. பதினாலு மாசம் எழுதி வைத்ததில் இதற்குப் பதில் கிடையாது. ரிஷபத்துக்கு இறங்கலாம், அவள் வந்து சேர்வாள். மத்தியமத்துக்கு ஏறி அங்கேயே குத்துக்கல்லாக நிற்கலாம், அவள் என்னைச் சுற்றி வருவாள். இரண்டும் தப்பாகப் போகலாம். இடது கை முதுகுக்குப் பின்னால் குளிர்ந்துபோய்க் கிடக்கிறது. வலது கட்டைவிரலைத் தூக்கி அடுத்த பொத்தானில் வைக்கிறேன்.

அமுக்குகிறேன்.